டிக்கெட் கன்ஃபர்ம்... மழை வெயிட்டிங் லிஸ்ட்!

மே மாதம் மூன்றாவது வாரம் வந்தால் போதும், ஆபீஸ்களில் வேலை பார்க்கும் இளவட்டங்களுக்கு ஒரு வியாதி தொற்றிக்கொள்ளும். காலண்டரைப் புரட்டும் வியாதி! சனி, ஞாயிறோடு வெள்ளியைச் சேர்த்தால் மூன்று நாள், திங்களையும் இழுத்துப் போட்டால் நாலு நாள் என்று விரல் மடக்கி எண்ணுவார்கள்.

''கத்திரி முடிஞ்சா குற்றாலத்துல சாரல்தான் மாப்ளே!'' என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

''அப்படியே கன்னியாகுமரி போறோம். சன்ரைஸ் பார்க்கறோம். கடல்ல ஒரு குளியல். மத்தியானம் வஞ்சிரம் வறுவல். நைட் ரயில்!'' என்று இன்னொருவர் முடிப்பார்.

பத்து நிமிஷத்தில் ப்ரோகிராம் ரெடி. லீவு லெட்டரில் எந்தப் பாட்டியைப் போடுவது என்பது மட்டும்தான் பாக்கி.

நல்ல ப்ரோகிராம்தான். ஆனால், இதில் அருவி, கடல், வஞ்சிரம் என்று மூன்று கட்சிகள் இருக்கின்றன. மூன்றையும் யாரும் கன்ஸல்ட் பண்ணவில்லை.

முதலில் டிக்கெட். ரயில்வேயில் 60 நாளைக்கு முன்னால் புக்கிங் திறக்கிறது (2024 நவம்பர் 1-க்கு முன்னால் இது 120 நாள்). சென்னை வானிலை மையத்திடம் மழையைப் பற்றிக் கேட்டால், ஐந்து நாளைக்கு மாவட்டவாரியாக ஓரளவு நம்பிச் சொல்வார்கள். அதற்கு மேல் போனால் அவர்களும் தயங்குவார்கள், தயங்கத்தான் வேண்டும். ஆக, 60-லிருந்து 5-ஐக் கழித்தால் 55. இந்த 55 நாளும் நீங்கள் குலதெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டு டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் பி.காம். படித்தவன். இப்படி ஒரு கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

'ஜூன் 1-ம் தேதின்னா பருவமழை வந்துடும் சார், அது ஃபிக்ஸட்' என்று சொல்பவர்கள் உண்டு. ஜூன் 1 என்பது கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கான சராசரித் தேதி. சராசரி என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? எம்.டி. சம்பளத்தையும் நம் சம்பளத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நாம்கூடப் பணக்காரர்தான்! 2023-ல் பருவமழை ஜூன் 8-ம் தேதி வந்தது. 2024-ல் மே 30. 2025-ல் மே 24-ம் தேதியே வந்து நின்றது. 2009-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை. அடுத்தடுத்த மூன்று வருஷத்தில் 15 நாள் வித்தியாசம். நாம் 15 நிமிஷம் லேட்டாக வந்தால் மெமோ. மழைக்கு யார் மெமோ கொடுப்பது?

அதுவும் கேரளாவில் தொடங்கிவிட்டது என்றால் குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அங்கேதான் மலை குறுக்கே நிற்கிறது.

அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமையை எல்லாம் கேரளப் பக்கம் இறக்கி வைத்துவிடுகிறது. நம் பக்கத்துக்கு வருவது வெறும் காற்று. அதனால்தான் ஜூன், ஜூலையில் அங்கே குடை, இங்கே புழுதி. ஆனால் ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கம் மலைச் சுவர் கொஞ்சம் தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. அது வழியாகக் காற்றும் மிச்சம் மீதி ஈரமும் தென்காசிப் பக்கம் நுழைகின்றன. பக்கத்து வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டு வாசனை நம் வீட்டு ஜன்னலில் வருகிற மாதிரி. வெயிலும் தூறலும் குளிர்காற்றும் கலந்து வருகிற அந்த வாசனைக்குத்தான் நாம் 'சீஸன்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் பந்தி பலமாக நடந்தால்தான் இந்தப் பக்கம் வாசனை.

எனவே, குற்றாலம் போகிறவர்கள் குற்றாலத்து வானத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. கேரளாவைப் பார்க்க வேண்டும். கொல்லம், பத்தனம்திட்டா மாவட்டங்களில் இரண்டு மூன்று நாள் விடாமல் மழை, மேற்கிலிருந்து பலமான காற்று என்று செய்தி வந்தால் மூட்டையைக் கட்டலாம். லாட்ஜுக்குப் போன் போட்டு 'தண்ணி விழுதா?' என்று கேட்பவர்கள் பாவம். மே மாதம் எந்த லாட்ஜில் கேட்டாலும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: ''சீஸன் டாப்பு சார், அட்வான்ஸ் அனுப்பிடுங்க!'' பாறை காய்ந்து கிடந்தாலும் இதே பதில்.

சரி, சீஸனுக்கு முன்னால் மே மாதக் கடைசியிலேயே அருவியில் தண்ணீர் விழுந்தால்? 'அதிர்ஷ்டம்டா!' என்று துள்ளுவோம். இங்கேதான் எனக்கு விளையாட்டுப் பேச்சு நின்றுபோகிறது.

மே மாதத் தண்ணீரும் ஜூலை மாதத் தண்ணீரும் ஒன்றல்ல. ஜூலைத் தண்ணீர், நாள் கணக்காகச் சிணுங்கிப் பெய்த மழை. மே மாதத் தண்ணீர், இடி மழை. காலை முழுக்க வெயில் மலையைச் சுட்டு வைத்திருக்கும். மத்தியானத்துக்கு மேல் மேகம் கோபுரமாக எழும்பும். சாயங்காலத்துக்குள் ஒரு சின்ன வட்டாரத்தில் தடதடவென்று கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். கீழே ஊருக்குள் ஒரு சொட்டு விழாமலும் இருக்கலாம். செல்போனில் தென்காசி என்று தட்டினால் மஞ்சள் சூரியன் சிரிக்கும். அது பொய் சொல்லவில்லை. தென்காசியைப் பற்றிச் சொல்கிறது. உங்கள் தலைக்கு மேலே, காட்டுக்குள், மேகம் என்ன பண்ணுகிறது என்று அதை நீங்கள் கேட்கவில்லையே!

2024 மே 17. கேரளாவிலேயே பருவமழை தொடங்க இன்னும் 13 நாள் இருந்தது. பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில நொடிகளில் படிக்கட்டு ஆறாக மாறுகிறது.

எப்படி இவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர கிலோ மீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டாங்கர் லாரியில் நிரப்பினால் ஆயிரம் லாரி. மலையில் ஒரு பத்து சதுர கிலோ மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஆயிரம் லாரி! பாதியை மண்ணும் மரமும் குடித்துக்கொள்ளட்டும். மிச்சம் 25 ஆயிரம் லாரி. செங்குத்தான பாறை. ஒரே பாதை. பாதையின் முடிவில் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி நீங்கள்.

பேரருவிக்கு மேலே ஒரு ஆர்ச் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுவார். உடனே நம் ஆட்கள், 'சார், இப்பத்தான் எண்ணெய் தேய்ச்சேன், அஞ்சு நிமிஷம்!' என்று பேரம் பேசுவார்கள். புடவைக் கடையில் பேசுகிற பேரம் அது, விசிலிடம் பேசக்கூடாது.

ஐந்தருவி போகிற வழியில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ''வெள்ளம் வர்றது முன்னாலயே தெரியுமா அண்ணாச்சி?'' என்றேன்.

''மலையில பெஞ்சா நம்மகிட்ட சொல்லிட்டா வரும்? அது பாட்டுக்கு வந்துரும்லா!'' என்றார். டீயை ஆற்றிக்கொண்டே யோசித்துவிட்டு, ''தண்ணி நிறம் மாறும் தம்பி. சருகு வரும், குச்சி வரும். சத்தம் கனக்கும். அதுக்குள்ள கரையில நிக்கணும். துண்டைத் தேடிட்டு நிக்கக் கூடாது'' என்றார்.

தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது. வானிலைப் படிப்பே இல்லாமல் மூன்று அடையாளம். மே மாதத்தில் அருவிக்குப் போவதானால் காலையில் போய்விட்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே கறுத்தால் கீழே இறங்காதீர்கள். இடி மழையின் டைம்டேபிள் அப்படி. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். இந்த மாதத்தில் ஆழம் தெரிந்தும் லாபமில்லை; நாம் உள்ளே நிற்கும்போதே அது மாறும்.

இப்போது கடலுக்கு வருவோம். குற்றாலத்திலிருந்து திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி சுமார் 140 கிலோ மீட்டர். அருவியில் மேலே பார்த்த கண்ணை, கடற்கரையில் தெற்கே திருப்ப வேண்டும். ரொம்ப ரொம்பத் தெற்கே.

கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். திருடன் மாதிரி வருகிற கடல். காற்று இருக்காது, மேகம் இருக்காது, புயல் சின்னம் எதுவும் இருக்காது. பளிச்சென்று வெயில். ஆனால் அலை மட்டும் திடீரென்று பெருத்து, வழக்கமாக நிற்கிற கோட்டைத் தாண்டி உள்ளே வரும். இந்த வார்த்தைக்கு மாற்றுக் கிடைக்காமல், 2012-ல் யுனெஸ்கோவே இதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

காரணம் நம் கடலிலேயே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் தெற்கே, அண்டார்டிகா பக்கமாக இருக்கிற பெருங்கடலில் பெரிய புயற்காற்று அடிக்கும். அங்கே கிளம்புகிற நீண்ட அலைகள் மணிக்குச் சுமார் 50 கிலோ மீட்டர் வேகத்தில் (நம் டவுன் டு டவுன் பஸ் வேகம்தான்) ராத்திரி பகலாகப் பயணம் செய்து, சில நாள் கழித்து நம் கரையில் வந்து இறங்கும். அதுவும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம். அதாவது நாம் லீவு போடுகிற அதே சமயம்.

இன்னொரு சங்கடம், இந்த அலைகள் கூட்டமாக வரும். சில நிமிஷம் சாதுவாக இருக்கும். பிறகு நாலைந்து பெரிசு அடுத்தடுத்து வரும். மறுபடி அமைதி. நீங்கள் கரையில் நின்று இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, 'கடல் நல்லாத்தான்டா இருக்கு' என்று இறங்கினால், நீங்கள் பார்த்தது இடைவேளையை!

2024 மே 6-ம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கூட்டம். படித்த பிள்ளைகள், நம்மைவிட நன்றாகவே படித்த பிள்ளைகள். ஹைதராபாத்தில் இருக்கிற பெருங்கடல் தகவல் மையம் - 'இன்காய்ஸ்' என்பார்கள் - கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே கொடுத்திருந்தது. 2020-லிருந்தே இதற்கென்று தனியாக முன்னறிவிப்பு ஏற்பாடு அவர்களிடம் இருக்கிறது. எச்சரிக்கை வருகிறது. மீனவர்களுக்குப் போகிறது. கல்யாணத்துக்கு வந்த பையனுக்கும், சனிக்கிழமை டூர் வந்த ஆபீஸ் பார்ட்டிக்கும் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

தேதிகளைக் கவனித்தீர்களா? மே 6, மே 17. ஒரே மாதம், 11 நாள் இடைவெளி. ஒன்று கடல், ஒன்று மலை. இரண்டு இடத்திலும் வந்த தண்ணீர் வேறு எங்கேயோ கிளம்பிய தண்ணீர்.

இனி மூன்றாவது கட்சி, வஞ்சிரம். மீன்கள் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு கடலுக்கும் மாப்பிள்ளை. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. ஆக, ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு கரையில்தான். நாட்டுப்படகில் வருகிற மீன்தான் மார்க்கெட்டுக்கு. விலை, வஞ்சிரத்தின் நீளத்துக்கு இருக்கும். மெனு கார்டில் ரேட்டைப் பார்த்துவிட்டு, 'எனக்கு இன்னிக்கு சஷ்டி' என்று சாம்பார் சாதத்துக்கு மாறியவர்கள் ஏராளம்.

விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகும் அப்படித்தான். கடல் சீறினாலும் நிறுத்துவார்கள், நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்துவார்கள். பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். 'அதான் பாலம் வந்தாச்சே, படகு எதுக்கு?' என்று என்னிடமே ஒருவர் கேட்டார். ஐயா, பாலம் பாறைக்கும் சிலைக்கும் நடுவில்! கரையிலிருந்து பாறைக்குப் போக இன்றைக்கும் படகுதான்.

'இவ்வளவு பயமுறுத்தினா எங்கேதான்யா போறது? ஊட்டிக்குப் போயிடறோம்' என்கிறீர்களா? தாராளமாக. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போவதானால் இ-பாஸ் வேண்டும், ஹைகோர்ட் உத்தரவு. அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. மற்றபடி அங்கே போய் நீங்கள் பார்க்கப் போவது உங்கள் முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைத்தான். எனக்குத் தென்கோடிதான் இஷ்டம்.

நான் எப்படிப் போகிறேன் என்று சொல்கிறேன். குற்றாலத்திலும் ரூம் போடுவதில்லை, கன்னியாகுமரியிலும் போடுவதில்லை. திருநெல்வேலியில் போடுகிறேன். மேற்கே ஐம்பது சொச்சம் கிலோ மீட்டரில் தென்காசி. தெற்கே எண்பது சொச்சத்தில் கன்னியாகுமரி. இரண்டுக்கும் விடியற்காலையிலிருந்து பஸ். முதல் நாள் ராத்திரி வானிலை மையத்தின் அறிக்கை, இன்காய்ஸ் எச்சரிக்கை இரண்டையும் பார்க்கிறேன். தமிழக அரசின் 'டி.என். அலர்ட்' என்று ஒரு ஆப் இருக்கிறது, அதையும் செல்போனில் ஏற்றி வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் 1077-க்கு அடித்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. லாட்ஜ்காரரைவிட அவர்கள் உண்மை பேசுவார்கள், அட்வான்ஸும் கேட்க மாட்டார்கள். மேற்கே ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் - அதாவது 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை கொட்டலாம் என்றால் - அருவி கிடையாது. தெற்கே அலை எச்சரிக்கை என்றால் கடலில் கால்கூட நனைப்பது கிடையாது.

இரண்டு பக்கமும் மோசம் என்றால்? அந்த நாளுக்கும் ஒரு ஒதுக்கீடு வைத்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் வாராக்கடனுக்கு ஒதுக்கி வைப்பதில்லையா, அப்படி. தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. முழுக்க மரவேலை. வெளியே மழை அடிக்கும்போது அந்த மர ஜன்னல் சட்டங்களுக்குப் பின்னால் நின்று பார்த்தால் மகாராஜாக்கள் மேல் பொறாமை வரும். திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. நாலாவது நாளாகத் திங்களை இழுத்துப் போட்டவர்கள் கவனிக்க.

அதைவிட எனக்குப் பிடித்தது செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற ரயில். சுமார் 50 கிலோ மீட்டர் மலைப் பாதை. பழைய மீட்டர் கேஜை அகலப்பாதையாக்கி 2018-ல் முழுசாகத் திறந்தார்கள். சென்னையிலிருந்து கொல்லம் போகிற எக்ஸ்பிரஸும் இதே வழிதான். செங்கோட்டையில் வெயில், குகைக்குள் இருட்டு, குகையைத் தாண்டினால் மழை. மேலே பெய்தால் என்ன, கீழே கொந்தளித்தால் என்ன, நீங்கள் ஜன்னலோரம் புளியோதரைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வரும். அதன் மேல் ரயில் போகும்போது ஒரு கண்கூட உள்ளேயிருந்து சரியாகத் தெரியாது. கீழே ரோட்டில் போகிறவருக்குத்தான் பதிமூன்றும் தெரியும். அதனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் வாருங்கள். செங்கோட்டையை ஒட்டியிருக்கிற பிரானூர் பார்டர் பரோட்டா கடைகளும் அந்த ரூட்டில்தான்.